வேணிக்கு வந்த சாமி

பெற்ற மகளின் காலில் கன்னியப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தபோது மணியம்மாளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவிழ்ந்த கொண்டையை முடியக்கூடத் தோன்றாமல் அடுப்போரம் சுருண்டு கிடந்தாள். இத்தனை நேரம் அவள் முதுகில் இறங்கிக்கொண்டிருந்த அதே கைகள் இப்போது தலைக்கு மேல் கூப்பியிருந்தன. "தாயே, மலையனூராளே, மன்னிச்சிடு தாயே. அமாவாசைக்கி வரேன்னு வேண்டிக்கிட்டு வராம போய்ட்டேன். தப்புதான்." எதிரே வேணி நின்றிருந்தாள். ஏழு வயசு. கழுத்தில் முடிந்து முதுகில் தொங்கவிட்ட செகப்புத் துணி, விரித்த தலைமயிர், அகட்டிய கால், உருட்டிய கண், முஷ்டி மடக்கி மேலே தூக்கிய வலக்கை.

கன்னியப்பனையும் குற்றம் சொல்ல முடியாது. அவன் அக்காவுக்கு மாசிக்கு மாசி அங்காளம்மன் வந்து இறங்கும். இதே கண், இதே கை. பிடிக்க நாலு ஆள் வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். அன்றைக்கு அமாவாசை வேறு. மலையனூருக்குப் போக வேண்டிய பஸ் காசு சாராயக்கடைக்குப் போயிருந்தது. சாமி வரவில்லை என்றால்தான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஆனால் வேணிக்கு வந்தது மலையனூர் சாமி இல்லை, டி.வி. சாமி. மணியம்மாள் பாத்திரம் தேய்க்கும் பிரான்சுவா முசே வீட்டில் கலர் டி.வி. இருந்தது. முசே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எண்பத்தாறில் அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு வருகிற பிள்ளைகளை முசேயின் மனைவி மதாம் கூடத்தில் உட்கார விடுவாள். செகப்புத் துணி கட்டின ஒருத்தன் கட்டடத்துக்குக் கட்டடம் பறப்பான். கெட்டவன் தடியால் அடித்தால் தடிதான் முறியும். அவன் பேசுகிற பாஷை ஒரு பிள்ளைக்கும் புரியாது. புரிந்து என்ன ஆகவேண்டும்? கையை ஓங்கி முறைத்துக்கொண்டு நின்றான் என்றால் அடிக்க வந்தவன் ஓடிவிடுவான், அவ்வளவுதானே கதை. மதாம் தூக்கிப்போட்ட பழைய ஜன்னல் துணியை வேணி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அம்மாவை அப்பா அடிக்கிறபோது அதைக் கட்டிக்கொண்டு குறுக்கே போய் நின்றாள். அடிக்க வந்தவன் விழுந்தே போனான்.

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். இது விடிந்தும் போகவில்லை. காலையில் கன்னியப்பன் தலைக்குக் குளித்து, கற்பூரம் வாங்கிவந்து, தூங்கிக்கொண்டிருந்த மகளின் காலடியில் ஏற்றினான். 'அட மடையா, அது டி.வி. ஆட்டம்' என்று மணியம்மாள் வாயைத் திறந்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்ததைத் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டாள். முதுகு அப்படி வலித்தது.

அதற்கப்புறம் அவளே துணிந்துவிட்டாள். அவன் வேலை பார்க்கும் மில் ஒரு மாசம் ஓடும், ரெண்டு மாசம் சங்கு ஊதாது. சங்கு ஊதாத நாளெல்லாம் கன்னியப்பனுக்குக் கடைதான் கதி. தெருமுனையில் அவன் செருமுவது கேட்டதும் இவள் மகளின் பின்னலை அவிழ்ப்பாள், நெற்றி நிறையக் குங்குமத்தை அப்புவாள், துணியை எடுத்துக் கட்டிவிடுவாள். "அப்பா கேட்டா டி.வி.ன்னு மட்டும் சொல்லிடாதடி." வேணி தலையை ஆட்டுவாள். வாசலில் செருப்பை விடும்போதே கன்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு ஓரமாய்ப் படுத்துக்கொள்வான். பக்கத்து வீட்டு அன்னக்கிளி வெள்ளிக்கிழமையானால் திருநீறுக்கு வந்து நின்றாள். சிரிப்பதா அழுவதா? மணியம்மாளுக்குக் குலைநடுக்கம்தான். சாமி பேரால் பொய் சொல்கிறோமே, குழந்தையைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்துகிறோமே, நாமெல்லாம் ஒரு தாயா என்று கட்டும்போதெல்லாம் தோன்றும். முடிச்சுப் போட்டதும் தோன்றாது. அடி வாங்காத உடம்பு எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ருசி பொல்லாதது.

வேணிக்கு அப்பா கும்பிடுவது சாமியை என்றே தெரியாது. தன் பலத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார் என்று நம்பினாள். ஒருநாள் அம்மாவிடம், "என்னை இப்ப அடிச்சாக்கூட வலிக்காதும்மா" என்றாள். மணியம்மாள் அவள் தலையை வாரிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் வீட்டுச் சாவி கேட்டு முசே வீட்டுக்கு வந்தான். பின்கட்டில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த மணியம்மாள் அவனை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவன் கூடத்து ஜன்னலில் நின்றுவிட்டான். உள்ளே செகப்புத் துணிக்காரன் காலை அகட்டி, கையைத் தூக்கி, கண்ணை உருட்டினான். கூடத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் எழுந்து அதே மாதிரி நின்றன. முன்வரிசையில் வேணி.

மணியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். சாவியை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். "நல்லாத்தான் கீது" என்றான். சிரிக்கக்கூடச் செய்தான். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மகளைக் கூட்டிக்கொண்டு வேறெங்காவது போயிருக்கலாம். எங்கே போவது? பெற்றவர்கள் இல்லை, கூடப்பிறந்தவன் பெண்டாட்டி ரெண்டு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டாள். ஒருவேளை அவனுக்குப் புரிந்திருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலில் மகளின் தோளைப் பிடித்து, "இன்னிக்கி அந்தத் துணியத் தொடக் கூடாது, இன்னா?" என்றாள்.

"நீ பயப்படாத. நான் இருக்கறேன் இல்ல" என்றது குழந்தை.

கன்னியப்பன் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். மகள் காலடியில் கற்பூரம் ஏற்றினவன். அன்னக்கிளி வீட்டுக்காரனிடம் பெருமை பேசினவன். "பத்து மாசமா புள்ளையக் காட்டி என்னக் கும்பிட வெச்சிருக்க. பொம்பளையாடி நீ?" என்று எழுந்தான். அடுப்பிலிருந்து விறகை உருவிக்கொண்டு மணியம்மாளை நோக்கித்தான் வந்தான். அதற்குள் வேணி செகப்புத் துணியோடு குறுக்கே வந்துவிட்டாள். காலை அகட்டினாள், கையைத் தூக்கினாள், முறைத்தாள். எந்தக் குழந்தையும் ஓங்கின விறகைக் கண்டால் குனியும், ஓடும், முகத்தை மூடும். இவள் அசையவில்லை. முறியப்போவது தடிதான் என்று நின்றாள்.

விறகு முறியவில்லை.

கன்னியப்பனே தூக்கிக்கொண்டு ஓடினான். ரிக்‌ஷாவில் அழுதான், தலையில் அடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புள்ள மதிலு மேலேருந்து குதிச்சிட்டுதுன்னு சொல்லு" என்றான். அப்புறம் சத்தம் குறைத்து, "போலீஸ் கேசு ஆயிட்டா மில்லுல சேத்துக்க மாட்டான், மணி" என்றான். உள்ளே வரவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். வலக்கையைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தில் இன்னும் கிடந்த துணியைப் பார்த்தார். மணியம்மாள் பாடம் ஒப்பிப்பது மாதிரி மதில் கதையைச் சொன்னாள். டி.வி.யையும் அவளேதான் சேர்த்துக்கொண்டாள்.

"அதானே பாத்தேன்" என்றார் டாக்டர். "அந்தப் பொட்டியக் கொண்டாந்தாங்க, புள்ளைங்க எலும்பெல்லாம் உடையுது. பெத்தவங்க கவனிக்க வேணாமா? ஏம்மா பாப்பா, பறக்கலாம்னு நெனச்சியா?"

வேணி அம்மாவைப் பார்த்தாள். டி.வி. என்று சொல்லாதே என்று சொன்ன அம்மாதான் இப்போது டி.வி. என்கிறாள். பார்வையைத் தாங்க முடியாமல் மணியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லிவிடேன், உள்ளதைச் சொல்லித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது. அது மகளுக்கா தனக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆமா சார்" என்றாள் வேணி. "பறந்தேன்."

மாவுக்கட்டுப் போடுகிற நாராயணசாமிக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கும் வயசு. ஈரத் துணியைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டே, "ஆட்டாத கண்ணு. காஞ்சிட்டா கல்லு மாதிரி ஆயிடும்" என்றார்.

"நெசமாவே கல்லு மாதிரியா?"

"ஆமா."

"அப்ப இதும்மேல அடிச்சா எனக்கு வலிக்காதில்ல?"

நாராயணசாமியின் கை நின்றது. மணியம்மாளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். மணியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு, டாக்டர் இருந்த அறைப்பக்கம் போனார். எதற்குப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து தடுக்கவும் முடியவில்லை, போகட்டும் என்று இருக்கவும் முடியவில்லை.

வேணி இடது கையால் கட்டுப் போட்ட கையைத் தாங்கி, மெதுவாகத் தூக்கினாள். சுண்ணாம்பு மாதிரித் தண்ணீர் முழங்கை வழியே சொட்டியது. முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். கண் மறைந்தது, மூக்கு மறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"கிட்ட வாம்மா" என்றாள். "ரெண்டு பேருக்கும் பத்துமான்னு பாக்கறேன்."