ரூபினிக்காகத் திருப்பிப் போட்ட இருக்கை

1

இந்தக் கதை ஒரு பின்னந்தலையிலிருந்து பிறந்தது. ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் பின்னந்தலை. வழி நெடுக அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். இறங்கும்போதுதான் உறைத்தது: முகம் தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருப்பேனே!

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ‘தேயிலைச் சரிவுகளில் பனி இறங்கிய அந்தக் காலையில், ரூபினியின் மனம்…’

(வேண்டாம். என் பழைய கதைகளிலேயே போதுமான பனி இறங்கிவிட்டது.)

2

ரூபினி எஸ்டேட் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அரை நாள் வேலையை முடித்து, அங்கேயே பட்டுச்சேலை மாற்றிக்கொண்டு, பிரிஞ்சாங்கில் இருக்கும் மாப்பிள்ளை தினேஸ்வரன் வீட்டுக்குப் போகிறாள். அப்பாவும் அம்மாவும் முன்னாலேயே போய்விட்டார்கள். பெண் தன் வாயால் சம்மதம் சொன்னதும் தேதி குறிப்பார்கள்.

அவளுக்கு விருப்பமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அவளுக்கு முன் இருக்கையில் மகேனை உட்கார வைத்தேன். தண்ணீர்ப் பம்பு பழுதுபார்ப்பவன், பார்க்க நன்றாக இருப்பான். நாலு பக்கம் போயிற்று. இருவரும் வாயே திறக்கவில்லை. அவள் இவன் பின்னந்தலையைப் பார்க்கிறாள், இவன் டிரைவர் பின்னந்தலையைப் பார்க்கிறான். எப்படிப் பேசுவார்கள்?

ஸ்பானரை எடுத்தேன். அவன் இருக்கையைக் கழற்றி, முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி, அவளைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன்.

3

அவள் கண்களைப் பார்ப்பான் என்று நினைத்தேன். மகேன் வாயைப் பொத்திக்கொண்டான்.

(மலைப்பாதை வளைவுகளில் பின்னோக்கி உட்கார்ந்தால் தலை சுற்றும். எனக்கு இது தோன்றவே இல்லை.)

“அண்ணே, ஜன்னலத் தொறங்க! சேலை புதுசு லா!”

(அண்ணே என்றுவிட்டாள். என் காதல் கதை அந்த வளைவிலேயே இறங்கிப் போனது.)

“சாரி தங்கச்சி…”

“எந்திரிங்க, எடம் மாத்திக்குவோம். இந்த வளைவெல்லாம் எனக்குப் பழக்கம்.”

மாறி உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஆசாம் என்கிற புளிப்புப் பழ வற்றல் ஒன்று கொடுத்தாள். அதை அதக்கிக்கொண்டு அவன் கொஞ்சம் தெளிந்தான்.

“பட்டுச்சேலைல எங்க? கல்யாணத்துக்கா?”

“என் கல்யாணத்துக்கு. சரின்னு சொல்லப் போறேன்.”

“நல்ல விஷயம்தானே?”

“எனக்கு இஷ்டமில்ல.”

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

“வீட்ல சொல்லிட்டீங்களா?”

“உங்ககிட்டதான் மொத தடவ.”

“எங்கிட்ட சொல்லி என்னா லா? நான் கியா பார்ம்ல பம்பு பாக்கப் போறவன்!”

ரூபினி பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.

4

முடிவு ஒன்று: மகேனும் அவளோடு இறங்கி… (அண்ணனாகிவிட்டானே.)

முடிவு இரண்டு: தினேஸ்வரனே முந்திக்கொண்டு வேண்டாம் என்று… (அவள் பேச வேண்டியதை அவன் ஏன் பேச வேண்டும்?)

ஆகவே பிரிஞ்சாங்கில் அவள் மட்டும் இறங்கினாள். ஜன்னல் வழியே கையாட்டியவனோடு பஸ் மேலே போய்விட்டது. இப்போது தினேஸ்வரன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள்.

உள்ளே நாற்காலிகளை முதலில் டிவி பார்த்த மாதிரி வரிசையாகப் போட்டிருந்தேன். அவள் நின்ற இடத்திலிருந்து அப்பாவின் பின்னந்தலைதான் தெரிந்தது. அந்த வரிகளை அடித்துவிட்டேன். கூடம் காலியாக இருக்கிறது.

நாற்காலிகளை நீங்கள் போடுங்கள். சீக்கிரம், இரண்டாவது செருப்பையும் கழற்றிவிட்டாள்.