குகைக் கூரையில் ஒரு மகாராஜா

தொல்லியல் குழுவில் மாமனாருக்குக் 'கல்வெட்டு' என்று பெயர். ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு அவராலேயே அழிக்க முடியாது.

"இவன் அரசன். தலையில் கிரீடம், கதிர் கதிராகப் பார். இரு கையும் தூக்கி ஆசி வழங்குகிறான். சுற்றிலும் மண்டியிட்ட குடிகள். ஓரத்தில் பலி கொடுத்த ஆடு, நாலு காலும் மேலே! மனிதகுலத்தின் முதல் ராஜசபை!"

கூடாரத்துக் கொடியில் துணி காயப்போட்டதுபோல் தொங்கிய பிளாஸ்டிக் தாளுக்கு முன்னால் வாரம் முழுக்க இதே முழக்கம்தான். குகை ஓவியத்தை அந்தத் தாளில் சிவப்புப் பேனாவால் படியெடுத்தவள் மருமகள். குகையின் உள்ளறையில் கூரை அவ்வளவு தாழ்வு. மல்லாந்து படுத்து, மூக்குக்கு மேலே தாளை ஒட்டி, ஓவியத்தின் மேலேயே கோடு பிடிக்க வேண்டும். உள்ளறைக்குப் போகும் சந்துக்கும் மாமனாரின் தொந்திக்கும் முதல் நாளே ஒத்துவரவில்லை. அதனால் அவருக்கு ராஜ தரிசனம் தாளில் மட்டும்தான். "ஆராய்ச்சிக்குக் கண் போதும், முழங்கை எதுக்கு?" என்று அதற்கொரு தத்துவமும் வைத்திருந்தார்.

மறுநாள் அரசாங்கத்திலிருந்து பாறை ஓவிய நிபுணர் அம்மா வருகிறார். ஓவியம் பழையதுதான் என்று அவர் சொல்லிவிட்டால் மலை தப்பிக்கும். சந்தேகம் என்று உதட்டைப் பிதுக்கினால், அடிவாரத்தில் வந்து நிற்கும் கல்குவாரி இயந்திரங்கள் மேலே ஏறிவிடும்.

கடைசியாக ஒருமுறை சரிபார்க்க உள்ளே போன மருமகள், படியெடுத்த அன்று தலையை முதலில் விட்டவள், வௌவாலுக்குப் பயந்து இந்தத் தடவை காலை முதலில் விட்டு நுழைந்தாள். படுத்து விளக்கைத் தூக்கியவள் அப்படியே கிடந்தாள்.

ஆடு நின்றுகொண்டிருந்தது. சாகவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மகாராஜா, கால் ஆகாயத்தில் இருக்க, தலைகுப்புறச் சேற்றில் போய்க்கொண்டிருந்தார். கிரீடம் என்றது தெறித்த சேறு. குடிகள் வணங்கவில்லை, மல்லாந்து விழுந்து, கைகாலை உதறி உருண்டு உருண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே தன் தப்பும் நினைவுக்கு வந்தது. தாளை ஒட்டியதும் வாசல் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட வேண்டும். கூரை ஓவியத்துக்கு அதுதான் அரிச்சுவடி. அன்று வௌவாலுக்குப் பயந்து வெளியே ஓடிவந்த அவசரத்தில் அவள் அதைப் போடவே இல்லை.

வெளியே புகைப்படக்காரர், அதாவது அவள் கணவன், கதையைக் கேட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உங்க அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க."

"நீ விடாத அம்பு, நீயே சொல்லு தாயே."

சொன்னாள். "மாமா, தாள் தலைகீழா தொங்குது."

"தாள் சரியாத்தாம்மா இருக்கு. குகை தலைகீழா இருக்கும்."

மறுநாள் நிபுணர் அம்மா வந்ததும் வராததுமாகக் கல்வெட்டு தொடங்கிவிட்டார். கிரீடம் வரை வந்தபோது மருமகளுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, இந்தத் தாள் தப்பா தொங்குது. அம்புக்குறி போடாம விட்டது நான்தான். ராஜசபை எல்லாம் கிடையாது. உள்ள வந்து பாத்துட்டு அப்புறமா முடிவு பண்ணுங்க."

மாமனார் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நிபுணர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல் எது கீழ் எதுன்னே உங்களுக்குத் தெரியலை. நீங்க சொல்ற மத்ததை எல்லாம் நான் எதை வச்சு நம்புறது?"

அந்த அம்மா ஒடிசலான தேகம். பாம்பு மாதிரி சந்துக்குள் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து விக்கல்போல ஒரு சத்தம் வந்தது.

"அழறாங்களாடா?" என்றார் மாமனார்.

"சிரிக்கிறாங்கப்பா."

"என் ராஜாவைப் பாத்தா?"

தடுப்பதற்குள் பாய்ந்துவிட்டார். தோள் போனது, மார்பு போனது. தொந்தி நின்றுவிட்டது. வெளியே மிஞ்சியது இரண்டு காலும் ஒரு ஜோடி பளபளப்பான பூட்சும்தான். உள்ளே குப்புறக் கிடந்தபடியே தலையை நிமிர்த்தி அவர் எதிர்க் கூரையைப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் பூட்ஸ் இரண்டும் மெல்ல ஆடத் தொடங்கின.

"அப்பா! மூச்சு முட்டுதா?"

"டேய்... அந்த ஆடு... ஆட்டு மூஞ்சியப் பாருடா!" குகை அதிரச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கத் தொந்தி இன்னும் இறுகிக்கொண்டது.

அவருக்கும் அப்பாலிருந்து நிபுணர் அம்மாவின் குரல் வந்தது. "கோட்டுக்கு மேல சுண்ணாம்புப் படலம் பாறையாட்டம் ஏறியிருக்கு. எந்தக் காலத்து வேலையோ! போலி பண்றவன் ராஜாவைத்தான் வரைவான், ராஜா வழுக்கி விழுறதை எவன் வரைவான்? இந்த மலையில ஒரு கல்லை எவனும் தொடக் கூடாது, நான் சொல்லிடறேன். ஆனா முதல்ல இந்த ஆளை எடுங்க, எனக்கு வெளிய வர வேற வழியில்ல!"

மருமகள் ஒரு காலைப் பிடித்தாள், மகன் மற்றதைப் பிடித்தான்.

"இழுக்காதீங்க, இழுக்காதீங்க!" உள்ளேயிருந்து கல்வெட்டு முழங்கியது. "அறிக்கையை மாத்தி எழுதிக்கோம்மா. மனிதகுலத்தின் முதல் நகைச்சுவை! கண்டுபிடித்தவர்..."

இருவரும் சேர்ந்து ஓங்கி ஓர் இழு இழுத்தார்கள்.