தெரிந்தவர் உட்காரக் கூடாத மேசை

வியாழக்கிழமை மாலை வந்தால் ரிந்தாலாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஜூனியே விரிகுடாவைப் பார்த்த அந்தச் சூதாட்ட மாளிகையில் ரூலெட் சக்கரம் சுழற்றுவது அவள் வேலை. ஸாஹ்லேயிலிருந்து மலை தாண்டி நஸ்ரி வருவான். திராட்சைத் தோட்டக்காரன், நாற்பதைத் தொட்டவன். கூட்டம் சேரும் முன்பே அவள் மேசையில் உட்கார்ந்து, ஆற அமரத் தோற்றுவிட்டுப் போவான்.

"உன் ஆளு புதுச் சட்டை போட்டிருக்கான்டி. தோக்குறதுக்கு இவ்வளவு அலங்காரமா?" என்பாள் பக்கத்து மேசையில் சீட்டுப் போடும் ஜுமானா.

"சும்மா இரு. எனக்கு யாரும் ஆளு இல்ல."

அங்கே ஒரு சட்டம். சக்கரம் சுழற்றுபவருக்குத் தெரிந்தவர் யாரும் அதே மேசையில் ஆடக் கூடாது. அண்ணன் தம்பியோ, எதிர்வீட்டுக்காரரோ, வந்து உட்கார்ந்தால் உடனே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். "அவரத் தெரியுமா உனக்கு?" என்று கண்காணிப்பாளர் ஃபாயெஸ் ஒருமுறை நஸ்ரியைக் காட்டிக் கேட்டார். தெரியாது என்றாள். உண்மைதான். ஆட்டத்துக்கு வெளியே ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அந்தத் 'தெரியாது' அன்றைக்கு முழுவதும் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

ஒருநாள் புகையில் அவள் இருமியதிலிருந்து அவன் அங்கே சிகரெட் பற்றவைப்பதில்லை. அவன் எழுந்து போன நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் அவளுக்கு எரிச்சலாக வரும். அவ்வளவு ஏக்கம். இதை யாரிடம் சொல்லி அழ?

இன்று அவன் சவரம் செய்யாமல் வந்தான். பணம் கட்டி வாங்கியிருந்த பந்தய வில்லைகள் அத்தனையையும் பதினொன்றாம் எண்ணின் மேல் தள்ளினான்.

"மதாம், ஞாயித்துக்கிழமை மான்ட்ரியலுக்கு ஃப்ளைட். அக்கா கூப்பிடுறா, ஒரேயடியா வந்துடுன்னு," என்றான் மெதுவாக. "பதினொண்ணு விழுந்தா போக மாட்டேன். விழலைன்னா எனக்கு இங்க யாரும் இல்லன்னு அர்த்தம்."

ரிந்தாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வியாழன் எதிரே உட்கார்ந்திருந்தான், வாயில் கொழுக்கட்டையா? தன்னிடம் கேட்க வேண்டியதை இந்த மரச் சக்கரத்திடம் போய்க் கேட்கிறானே, மடையன். சக்கரத்தின் முப்பத்தேழு குழியில் பந்து அந்த ஒன்றில் விழுந்தால்தான் இவள் உண்டு, இல்லாவிட்டால் இல்லையா?

பந்து அவள் விரல்களில் இருந்தது. சுழற்றினால் பெரும்பாலும் அவன் போய்விடுவான்.

பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

ஃபாயெஸ் வந்தார். "என்னம்மா?"

"இவரு எனக்குத் தெரிஞ்சவரு."

ஜுமானாவின் கையில் சீட்டு அப்படியே நின்றது. ஃபாயெஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்படித் தெரியும்? என்ன உறவு?"

"அத இன்னும் நாங்க பேசல, உஸ்தாஸ். ஆனா தெரிஞ்சவருதான்."

ஃபாயெஸ் மீசையைத் தடவியபடி வில்லைகளை நஸ்ரி பக்கம் தள்ளினார். "சட்டம் சட்டம்தான். இனி இந்த மேசை உங்களுக்குக் கிடையாது, ஐயா."

நஸ்ரி வில்லைகளை அள்ளிக்கொண்டு எழுந்தான். "அப்போ நான் எந்த மேசைக்குப் போறது?" என்று அவளிடம்தான் கேட்டான்.

"எந்த மேசையும் வேணாம்," என்றாள் ரிந்தாலா. "வாசல்ல நில்லுங்க. என் முறை முடியப் போகுது."

முறை முடிந்ததும், மேசையை விடும் எவரும் செய்வதுபோல, எதையும் ஒளித்து எடுத்துப் போகவில்லை என்று காட்ட இரண்டு கைகளையும் தட்டி, வெறும் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். பிறகு வாசலை நோக்கி நடந்தாள்.