விரதம் என்று எழுதச் சொன்னார்

விரதமாம், விரதம்... யார் பார்த்தார்கள் அவள் விரதம் இருந்ததை, இவர் வந்து இலையைப் பார்த்தாரா, அடுப்பைப் பார்த்தாரா என்று பல்லைக் கடித்துக்கொண்டே வேங்கிக்கால் ஆபீஸ் வாசலிலிருந்து ஸ்கூட்டியை எடுத்தாள் தென்றல், எடுத்த வேகத்தில் எதிரே வந்த ஆட்டோக்காரன் என்னவோ திட்டினான், திட்டட்டும், இன்றைக்கு யார் திட்டினாலும் திருப்பித் திட்ட அவள் தயார். பைக்குள் அந்த ஃபாரம் இருந்தது. நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்குள் டாக்டர் ராஜமாணிக்கம் தன் கையாலேயே எழுதித் தந்திருந்தார், பேனாவால் எழுதினால் கை சுட்டுவிடும் பாருங்கள், பென்சிலால், 'பௌர்ணமி விரதத்தால் சர்க்கரை இறங்கியது. ஆய்வு மருந்துக்குத் தொடர்பில்லை.' அதன் மேல் இவள் பேனாவை ஓட்ட வேண்டும், பிறகு மயங்கி விழுந்து கையைச் சுட்டுக்கொண்ட கன்னியம்மாளிடம் ஒரு கையெழுத்து... "கையில கட்டு இருந்தா கைநாட்டு போதும்மா." என்ன கரிசனம்! அதட்டி மிரட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஒரு வார்த்தை வந்திருக்கும், அவர்தான் குரலை உயர்த்தவே மாட்டாரே, அம்மா அம்மா என்று, பஞ்சில் ஊசியைத் துடைப்பது மாதிரி... "பௌர்ணமின்னா இந்த ஊர்ல பாதிப் பேர் பட்டினிதானம்மா, இது உனக்குத் தெரியாததா?" அதற்கு இவள் என்ன சொன்னாள்? சரிங்க சார். ஆறு வருடம் பயோகெமிஸ்ட்ரி படித்து, ஒன்றரை வருடமாக இந்த ஆய்வில் வேலை பார்த்து, வாயில் வந்தது சரிங்க சார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம், இப்போதுதான் வார்த்தை வரிசையாக வருகிறது, பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் நெரிசலில் நிற்கும்போது. சார், இது சர்க்கரை நோய்க்குப் புது மாத்திரையைச் சோதிக்கிற ஆய்வு. நானூறு பேர். பாதிப் பேருக்குப் புதுசு, பாதிப் பேருக்கு ஊரே சாப்பிடுகிற பழசு, டப்பா ஒரே மாதிரி, யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, விழுங்குகிறவர்களுக்கும் தெரியாது. முதல் நாள் எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கள்தானே... "நமக்குத் தெரிஞ்சுட்டா நம்ம கண்ணே பொய் சொல்லும்மா." அப்படியானால் தொடர்பில்லை என்பது மட்டும் எந்தக் கண்ணுக்கு சார் தெரிந்தது? பின்னால் ஹாரன் அலறியது. போடா, பறந்தா போகிறாய்... மாத்திரை கம்பெனிக்காரர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள், அதுதான் விஷயம், டேபிளுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, கன்னியம்மாளுக்கும் ஒரு பூச்சு அடித்துவிட்டால் முடிந்தது.

கிரிவலப் பாதையில் திரும்பியதும் கூட்டம் கம்மி, முந்தாநாள் லட்சம் கால் நடந்த ரோடு, ஓரத்தில் அன்னதான இலைத்தட்டுகளையும் பேப்பர் கப்புகளையும் இன்னும் வாரிக்கொண்டிருந்தார்கள். இங்கேதான், அடி அண்ணாமலைக்குள் நுழைகிற இடத்தில், கன்னியம்மாளின் டீக்கடை. தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. முந்தாநாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாலைக் கிளறிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள், சரிந்தவள் கை மேலேயே கொதிக்கிற பால் குண்டானும் கவிழ்ந்தது, ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு! எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. ஏறினால் வருடக்கணக்கில் அரிக்கும், இறங்கினால் நின்ற இடத்திலேயே தள்ளிவிடும்... இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் தென்றல். நூற்றுப் பதினேழாம் நம்பர் கன்னியம்மாள். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாத ஒரே ஆள், தன் ரத்தம் ட்யூபில் ஏறுவதைக் குனிந்து பார்த்து, "இத வச்சி இன்னா கண்டுபுடிப்பீங்க பாப்பா?" என்று கேட்டவள். உங்களை மாதிரி ஆயிரம் பேருக்கு நல்ல மருந்து என்று இவள் சொன்னாள். ஆயிரம் பேருக்கு... அந்த ஆயிரத்தில் ஒருத்தி கன்னியம்மாளும்தானே சார்? பென்சிலால் எழுதினீர்களே, அழித்தால் போய்விடுமா அவள் கை?

வீடு கடைக்குப் பின்னாலேயே, ஓட்டு வீடு. கட்டிலில் சாய்ந்திருந்தாள் கன்னியம்மாள், இடது கை முழங்கை வரை கட்டு, விரல் நுனி மட்டும் வீங்கி வெளியே தெரிந்தது. பக்கத்தில் அவள் மகள் ரேவதி, பனியன் கம்பெனி வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள், வாங்க என்று சொல்லவில்லை. கன்னியம்மாள்தான் எழுந்திருக்கப் பார்த்தாள். "வா பாப்பா... வெயில்ல வந்துருக்குற. ரேவதி, தண்ணி குடுடி." தென்றல் உட்காராமலே கேட்டாள், கேட்கும்போதே டாக்டரின் முகம் கண் முன்னால் வந்தது, இதோ கேட்கிறேன் சார், நீங்கள் கேட்காததை. அன்னிக்கு விரதமாம்மா? "விரதமா? கட போட்ட நாள்ல விரதம் இருந்தா நிக்க முடியுமா கண்ணு? காலைல நாலு இட்லி. மத்தியானம் சோறு துன்னுட்டுதான் மாத்திர போட்டேன்." அவ்வளவுதான்! உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது தென்றலுக்கு, சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும், அடுத்தவர் பொய் கையும் களவுமாக அகப்படுகிறபோது வருமே அந்தச் சந்தோஷம். கட்டில் ஓரத்திலேயே ஃபாரத்தை விரித்தாள், பென்சில் எழுத்தின் மேல் ஒரே கோடு, கீழே பேனாவால், 'விரதம் இல்லை. காலை நான்கு இட்லி, மதியம் சோறு. காரணம் மருந்தாக இருக்கலாம்.' எழுத எழுதக் கை அழுத்தியதில் தாள் கிழிந்துவிடும் போலிருந்தது. எழுதுகிறேன் பாருங்கள் சார்... எழுதுகிறேன்...

"எழுதுங்க, நல்லா எழுதுங்க," என்றாள் ரேவதி. "எத்தினி தபா ஃபோன் பண்ணுச்சுன்னு அதயும் எழுதுங்க." யாருக்கு என்று தென்றல் நிமிர்ந்தாள். "யாருக்கா? உங்களுக்குத்தான்!" அம்மாவின் போனை எடுத்து நீட்டினாள். ஐந்து பன்னிரண்டு, ஐந்து இருபது, ஐந்து முப்பத்தொன்று. "கை நடுங்குது, வேர்த்துகினே வருதுன்னுச்சு. சக்கரய அள்ளிப் போட்டு ஒரு டீ குடிம்மான்னு நான் திருப்பூர்லேருந்து கத்துறேன். கேக்குதா? அந்தப் பொண்ணு சக்கரய தொடாதன்னுருக்குது, ஒரு வார்த்த கேட்டுகினு குடிக்கிறேன்னு சொல்லுது. சக்கர டப்பா பக்கத்துலயே இருக்குதுக்கா. கை எட்டுற தூரத்துல!" கன்னியம்மாள் அதட்டினாள். "வுடுடி. அதுக்கு ஆயிரம் வேல. சத்தத்துல கேட்டுருக்காது." கேட்கவில்லை என்று தலையை ஆட்டினால் போதும், கட்டிலில் கிடப்பவளே சாக்கைக் கையில் கொடுக்கிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்... ஆனால் கேட்டதே. ஐந்து பன்னிரண்டு அவளுக்குக் கேட்டது. தேரடி வீதி ஜவுளிக்கடையில், கண்ணாடி முன்னால், தோளில் ஒரு கத்தரிப்பூ நிறப் புடவை, கவுன்டரில் போன் அதிர்ந்தது, 'கன்னியம்மா டீக்கடை' என்று பெயர் தெரிந்தது, லீவு நாளில்கூட விடமாட்டார்கள் என்று நினைத்தாள், நினைத்தாளே, போனைக் கவிழ்த்து வைத்தாள். மற்ற இரண்டும் அதனால்தான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றையும் பார்த்தாள், காலையில் பேசிக்கொள்ளலாம்... காலையில் ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. அதிலிருந்து இந்த நிமிடம் வரை இதை யாரிடமும் சொல்லவில்லை, யாரிடம், தனக்கேகூடச் சொல்லவில்லை. இறங்கினால் என்ன செய்வது என்று கன்னியம்மாளுக்குச் சொன்னாளா? ஆய்வில் சேர்த்த அன்றைக்குப் பதினாலு பக்கச் சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டினாள், வெளியே இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள், அந்தப் பக்கத்தைப் படித்தாளா, புரட்டினாளா?

நாலாம் பக்கத்தில் ஒரு கட்டம், 'ஆய்வுக் குழுவுக்கு முதல் தகவல் வந்த நேரம்.' நேற்றே நிரப்பியிருந்தாள், மறுநாள் காலை 9 மணி என்று. பென்சிலால் அல்ல, பேனாவால். அதன் மேல் கோடு போட்டாள். மாலை 5.12 என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள், இந்த முறை கை அழுத்தவில்லை, எழுத்து நூல் மாதிரி விழுந்தது. ரேவதி அதை எட்டிப் பார்த்தாள். "கையெழுத்து எங்க பாப்பா போடணும்?" என்றாள் கன்னியம்மாள். படிச்சுக் காட்டுறேம்மா, அப்புறம் போடுங்க என்று தென்றல் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள், ஒரு வரி விடாமல்.

வெளியே வந்து ஸ்கூட்டியில் சாவியைப் போடும்போது போன் அடித்தது. டாக்டர். வேங்கிக்காலிலிருந்து இங்கே வரைக்கும் இவருக்காக எத்தனை வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள், எல்லாமே இன்னும் உண்மைதான், ஒன்றுகூடப் பொய்யாகிவிடவில்லை, கோபமும் இருக்கிறது, குறையவே இல்லை... ஆனால் இதில் எது அவருக்கு, எது தனக்கு என்று பிரிக்கத் தெரியவில்லை. "என்னம்மா, வாங்கிட்டியா?" என்றார் மெல்லிய குரலில். "சார்," என்றாள், "ரெண்டு விஷயம்." எதை முதலில் சொல்வது?