தெய்வானை மணத்த கதை

கத்தாங்காட்டுவலசில் எதை யார் அரித்துத் தின்றாலும், தின்னப்படுகிற பக்கத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும். அதை மோப்பம் பிடித்துக் குளவிகள் வந்து, அரிக்கிறது யாரென்று பார்த்துக் கவனித்துவிட்டுப் போகும். கத்தரிச் செடிக்கும் மனிதருக்கும் ஒரே சட்டம்தான். மருந்தடிக்கிற தொல்லை இல்லாமல் ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

தெய்வானை வீட்டுக்கு ஊர்த் திருவிழா நோம்பிக்கு வந்த மச்சாண்டார் நாச்சிமுத்து, நோம்பி முடிந்தும் கிளம்பவில்லை. முதலில் கட்டில் அவருடையதாயிற்று, பிறகு ஃபேன், பிறகு பாலாடை. புருஷனின் அண்ணனைப் போகச் சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டாள். சாயங்காலமே அவள்மேல் கசக்கிய கத்தரி இலை வாசனை வீச ஆரம்பித்தது.

“ஏனுங்க அக்கா, வீட்டுல யாருங்க?” என்று பக்கத்துக் காட்டு மயிலாத்தாள் மூக்கை உறிஞ்சினாள்.

“ஆருமில்லையே.”

விருந்தாளி இருக்கும்போது வீட்டுக்காரி மணப்பது குடும்பத்துக்கு அழகில்லை. மானம் போகிறதே என்று தெய்வானை ஒரு டப்பா பவுடரை உடம்பில் கொட்டிக்கொண்டாள். தன் கத்தரிக் காட்டில் களை பறிக்கப் போகும்போதும் அப்படியே போனாள். குளவிகள் வேலிவரை வந்து, வழி தெரியாமல் திரும்பின. வீட்டுக்கும் வரவில்லை, காட்டுக்கும் வரவில்லை.

கத்தரிக் குருத்தெல்லாம் தலை சாய்ந்தது. காயைத் தொட்டால் ஓட்டை. ஒவ்வொரு நாற்றையும் தன் கையால் நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த காடு அது. செடிகள் குளவிகளைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தன; அவற்றின் வாயைப் பொத்தியது அவளுடைய பவுடர். வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மானமா, காடா? காடுதான்.

சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வாசலில் போய் நின்றாள். வாசனை பஸ் ஸ்டாப்வரை போயிற்று. இறங்கியவர்கள் “அய்யோ பாவம், பெரிய விருந்தாளி போல” என்று பேசிக்கொண்டே நடந்தார்கள்.

குளவிகள் வந்தன. பாதி காட்டுக்குப் போயின, பாதி சமையற்கட்டுக்கு. தோசை தின்றுகொண்டிருந்த நாச்சிமுத்துவின் பிடரியில் உட்கார்ந்து, அவசரப்படாமல் முட்டையிட்டு வேலையை முடித்துக்கொண்டு எழுந்தன.

“கொசு ஜாஸ்தியா இருக்குது கண்ணு.”

“ஆமாங்க மாமா” என்று இன்னொரு தோசை வைத்தாள்.

மறுநாள் காலை கட்டில் காலி. நாச்சிமுத்து கத்தரிக் காட்டின் நடுவில் நின்றிருந்தார். பிடரியில் வெள்ளை வெள்ளையாகக் குளவிக் கூடுகள். கூட்டைக் கொத்த வரும் மைனாக்களைத் தலையை ஆட்டி ஆட்டி விரட்டிக்கொண்டிருந்தார். சாப்பாடு கேட்கவில்லை. செடிகள் புதுக் குருத்து விட்டிருந்தன.

“எங்கண்ணன் காட்டு வேலை செஞ்சு இன்னைக்குத்தான் பார்க்கறேன்” என்று தெய்வானையின் புருஷனுக்குக் கண் கலங்கியது.

நாச்சிமுத்துவின் மனைவி ஃபோன் செய்தாள். தெய்வானை நடந்ததைச் சொன்னாள்.

“அங்கியே இருக்கட்டும்” என்றாள் அவள். “கூடு பிரிஞ்சதும் நாலு குளவியை இங்க பஸ் ஏத்தி விடு. அத்தை வந்து உக்காந்திருக்காங்க.”

கூடுகள் மத்தியானமே பிரிந்தன. தெய்வானை துண்டை எடுத்துக்கொண்டு, குளவிகளுக்கு ஜன்னலோரச் சீட்டுப் போட பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.