வயிற்றுக்குள் போன புகை

அடுப்பின் ஒரு பக்கம் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் ஜுமேனா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண் தட்டில் கிடந்த சாம்பல் நிற உருண்டையின் மேல் கேஸ் தீக்குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெல்லிக்காய் அளவு உருண்டை. நீலத் தீ பட்டதும் அது வெளுத்தது, புகைந்தது, சுருங்கியது. கடைசியில் மிளகளவு மஞ்சளாய் மின்னியது. புகை சமையலறையைச் சுற்றிவிட்டு, மூங்கில் தட்டியின் இடுக்கு வழியே பக்கத்து வீட்டுக்குப் போனது.

பக்கத்து வீட்டிலிருந்து சக்மா தன் உருண்டையைத் துணியில் முடிந்துகொண்டு வந்தாள். ஜுமேனாவின் கணவன் மஹ்சுனுக்குத் தங்கை அவள்.

“அண்ணி, இதையும் சுட்டுக் குடுங்களேன். உங்க கைக்குத்தான் அது படியுது.”

“வெச்சுட்டுப் போ. நீ குனியாத.”

“எங்க போறது? சோறு வெந்துடுச்சான்னு பாத்துட்டுத்தான் போவேன். பாறை உடைக்கிற எங்கண்ணனை விட நான்தான் இப்ப அதிகமாத் திங்கிறேன்!”

சக்மாவின் புருஷன் மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தான். எட்டு வருஷமாகப் புழு பூச்சி தங்காத வயிறு, போன முறை அவன் விடுப்பில் வந்து போனதில் நிறைந்தது. இப்போது ஐந்தாம் மாதம். தெருவில் நடக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் வயிற்றைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தாள். யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

லொம்போக் தீவின் தென்மேற்கு மூலையில் இருந்த அந்த ஊரில், மலையில் தங்கம் கிடைத்ததிலிருந்து யாரும் சோளம் போடுவதில்லை. வீட்டுக்கு வீடு முற்றத்தில் இரும்பு உருளைகள் சுழன்றன. உடைத்த பாறையையும் பாதரசத்தையும் அதில் போட்டு அரைப்பார்கள். பாதரசத்துக்கு ஊரில் வெள்ளித்தண்ணி என்று பெயர். அரைத்த சேற்றிலிருந்து தங்கத்தைப் பற்றிக்கொண்டு வரும் வெள்ளித்தண்ணியைத் துணியில் பிழிந்தால் அந்தச் சாம்பல் உருண்டை மிஞ்சும். அதைச் சுட்டால் வெள்ளித்தண்ணி புகையாகப் போய்விடும், தங்கம் நிற்கும். பாறை உடைப்பது ஆண்கள் வேலை. சுடுவது அடுப்பு வேலை, அதனால் பெண்கள் வேலை.

அடுப்புக்குப் பின்னால் பாயில் முர்னி கிடந்தாள். கலப்படமில்லாத தங்கத்துக்குச் சொல்லும் வார்த்தையையே பெண்ணுக்குப் பெயராக வைத்தான் மஹ்சுன். மலை வாரிக் கொடுத்த வருஷத்தில் பிறந்தவள். மூன்று வயது முடிந்தும் கழுத்து நிற்கவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும். தங்கம் வருவதற்கு முன்னால் பிறந்த மூத்த பையன் இந்த வயதில் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினான். இவளுக்கு மலையில் குடியிருக்கும் ஜின்னின் கோபம் என்றார்கள். ஆடு அறுத்தார்கள், மந்திரித்த தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். அதன் பிறகு மஹ்சுன் அவளைத் தூக்குவதை விட்டுவிட்டான். வெளியாட்கள் வந்தால் ஜுமேனா முதலில் சமையலறைக் கதவைச் சாத்துவாள்.

அன்று சக்மாவின் உருண்டை பாதி சுட்டபோது முர்னிக்குக் கை கால் வெட்டி இழுப்பு வந்தது. எப்போதும் வருவதுதான், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும் என்று ஜுமேனா மடியில் போட்டுக்கொண்டாள். விடவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. சக்மா அலறியதில் மஹ்சுன் மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

அரசு சுகாதார நிலையத்தில் அன்று நகரத்திலிருந்து டாக்டர் லெஸ்தாரி வந்திருந்தது அவர்களுடைய நல்ல நேரம். ஊசி போட்டு இழுப்பை நிறுத்திய பிறகு, டாக்டர் குழந்தையைப் பார்க்காமல் தாயின் கையைப் பார்த்தார். தண்ணீர்க் குவளையைப் பிடித்திருந்த ஜுமேனாவின் விரல்கள் நடுங்கி, தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

“இந்த நடுக்கம் எவ்வளவு நாளா இருக்கு?”

“தெரியலை டாக்டர். வேலைக் களைப்பு.”

“என்ன வேலை?”

மஹ்சுன் முந்திக்கொண்டு, “வீட்டு வேலைதாங்க,” என்றான். ஜுமேனா அவனை ஒருமுறை பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னாள்.

“இவளைச் சுமந்தப்பவும் சுட்டியா?”

“எல்லா மாசமும். வலி எடுத்த அன்னிக்குக் காலைலகூட.”

டாக்டர் இருவரின் முடியையும் சிறுநீரையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். முடிவு வந்ததும் ஜுமேனாவைத் தனியாக உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“உன் உடம்புலயும் உன் பொண்ணு உடம்புலயும் பாதரசம் இருக்கக்கூடாத அளவுக்கு இருக்கும்மா. வயித்துக்குள்ள இருக்கிறப்பத்தான் குழந்தையோட மூளை ஒவ்வொரு நரம்பா உருவாகும். அந்தச் சமயத்துல இந்த விஷம் போனா, நரம்பு எங்க போய்ச் சேரணுமோ அங்க சேராது. ஒரு குழந்தைக்கு இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எனக்கு வேற காரணம் எதுவும் தெரியலை.”

“நான் அதைக் குடிக்கலையே டாக்டர். அது காத்தோட போயிடுச்சே.”

“அந்தக் காத்தைத்தானே நீ இழுத்தே? உன் ரத்தத்துல கலந்து அவகிட்டப் போயிருக்கு.”

“அப்ப நான்தான் குடுத்தேனா?”

“தெரியாமக் குடுத்தது.”

“தெரியாமக் குடுத்தா மட்டும் புள்ளைக்கு ஏறாம இருக்குமா?”

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதினார். இழுப்பை மருந்தால் அடக்கலாம், உடம்பு விறைக்காமல் இருக்கப் பயிற்சி சொல்லித் தரலாம், ஆனால் வளர வேண்டிய காலத்தில் வளராமல் போனது திரும்பி வராது என்றார். வீட்டுக்குள் சுடுவதை இன்றைக்கே நிறுத்தச் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் ஜுமேனா அழவில்லை. முர்னி வயிற்றில் இருந்தபோது ஆசைப்பட்ட கங்குங் கீரையும் மிளகாயும் நினைவுக்கு வந்தன. பிள்ளைக்கு ஆகாது என்று காரத்தைக்கூடக் குறைத்தாளே! வெயிலில் போகாமல், கனத்தைத் தூக்காமல், அடுப்படி நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று இதைத்தானே பத்திரமாகச் செய்தாள்!

மறுநாள் மஹ்சுன் உருண்டையை நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை.

“இனிமே இந்த வீட்டுல சுட மாட்டேன்.”

“ஊரே சுடுது. எல்லார் புள்ளையும் இப்படியா இருக்கு?”

“மேட்டு வீட்டுப் பையன் அஞ்சு வயசாகியும் அம்மான்னு சொல்லலை. கிணத்தடி வீட்டுல பொறந்ததெல்லாம் தக்கலை. நமக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு இருக்காங்க. நானும்தான் சாத்திக்கிட்டு இருந்தேன்.”

“சரி, நிறுத்திட்டு என்னத்தைத் திங்கிறது? அந்தம்மாவுக்குச் சம்பளம் வருது, புத்தி சொல்லிட்டுப் போயிடுவா. எனக்கு மலைதான் சோறு போடுது.”

“அந்தச் சோத்தைத் தின்னுட்டு உங்க பொண்ணு எந்திரிச்சு நடந்தாளா?”

அவன் கை ஓங்கினான். ஓங்கிய கை நடுங்கியது. அந்த நடுக்கம் கோபத்தால் மட்டும் வந்தது அல்ல என்பது ஜுமேனாவுக்கு இப்போது தெரிந்தது. அவன் கையைக் கீழே போட்டுவிட்டு, உருண்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் தட்டி இடுக்கு வழியே தீக்குழாயின் சீறல் கேட்டது.

ஜுமேனா விழுந்தடித்து ஓடினாள். சக்மா அடுப்பருகே உட்கார்ந்து, பெரிய வயிற்றை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சுட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, உன் காலைப் புடிச்சுக்கிறேன், அதை அணைச்சிடு. உள்ள இருக்கிற புள்ளைக்கு ஆகாதுடி.”

“அண்ணன் சொன்னாரு, நீங்க இப்படித்தான் வந்து நிப்பீங்கன்னு.”

“டாக்டரே சொன்னாங்க சக்மா.”

“உங்க வயித்துல பொறந்தது ஜின் அடிச்சுப் போச்சு. அதுக்கு என் வயித்தைப் பாத்து ஏன் வயிறு எரியிறீங்க? எட்டு வருஷம் மலடின்னு பேர் வாங்கினவ நான். இப்பக்கூட என்னை நிம்மதியா இருக்க விட மாட்டீங்களா?”

அந்த வார்த்தை ஜுமேனாவைக் கன்னத்தில் அறைந்ததுபோல் நிறுத்தியது. நாத்தனார் என்பதால் அல்ல. தன் கையாலேயே ஊட்டி வளர்த்த பெண் அவள். ஜுமேனா வெளியே வந்தாள். அடுத்த சில நாள்களும் புகை தட்டி வழியே வந்துகொண்டேதான் இருந்தது. ஊர்த்தலைவரிடம் போய் முறையிட்டாள். அவர் வீட்டு முற்றத்திலும் உருளை ஓடியது. அவர் தேநீர் கொடுத்து, ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் மஹ்சுனின் முற்றத்தில் கூடியிருந்தார்கள். உருளைகள் கடகடவென்று ஓடின. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து துணியில் பிழிந்துகொண்டிருந்தார்கள். சக்மா பக்கத்தில் தீக்குழாயும் தட்டும் தயாராக இருந்தன. அப்போது ஜுமேனா வீட்டுக்குள்ளிருந்து முர்னியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பிறந்ததிலிருந்து ஊர் அந்தக் குழந்தையை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. பின்னிய கால்கள், பின்னால் சாய்ந்த தலை, எச்சில் வழிந்த வாய். மஹ்சுன், “உள்ள கொண்டுபோடி,” என்று பல்லைக் கடித்தான். அவள் நேராகப் போய்க் குழந்தையைச் சக்மாவின் மடியில் போட்டாள்.

“வெச்சுக்கோ. இவளை மடியில வெச்சுக்கிட்டே சுடு. நான் தடுக்க மாட்டேன்.”

“அண்ணி, எடுங்க! எனக்குப் பயமா இருக்கு.”

“என்னத்துக்குப் பயம்? உன் மருமகதானே? உன்னை மாதிரிதான் நானும் ஆசையா இருந்தேன். உள்ள உதைக்கிறப்பெல்லாம் உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கையால வயித்தைத் தடவிக்கிட்டு ஒரு கையால சுட்டேன்டி. அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லலை. இன்னிக்கு உனக்கு நான் சொல்றேன்.”

உருளைச் சத்தத்திலோ, இத்தனை முகங்களின் நெருக்கத்திலோ, முர்னியின் உடம்பு விறைத்தது. அவளுடைய குதிகால் சக்மாவின் வயிற்றில் அழுந்தியது. உள்ளேயிருந்து சக்மாவின் பிள்ளையும் அசைந்திருக்க வேண்டும். அவள் முகம் சட்டென்று மாறியது. தள்ளிவிடப் போன கை, குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டது. “அண்ணி, மூச்சு விடலை, அண்ணி!” என்று கத்தினாள். அடுத்த கணம் தீக்குழாயைக் காலால் எட்டி உதைத்தாள்.

யார் நகர்வதற்கும் முன்னால் மஹ்சுன் வந்துவிட்டான். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தொடாத மகளை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். எப்படிப் பிடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தது. “மெஷினை நிறுத்துங்கடா!” என்று கத்தினான். நிறுத்தினார்கள். முர்னியின் மூச்சு திரும்பியது. அந்த அமைதியில், கிணற்றடி வீட்டுக்காரி மட்டும் தலையில் அடித்துக்கொண்டு அழும் சத்தம் கேட்டது.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று சொன்னால் பொய். மறுநாளே மற்ற முற்றங்களில் உருளைகள் ஓடின. மஹ்சுன் தன்னுடையதைத் திரும்பவும் ஓட்டவில்லை. மனைவி மக்களையும் தங்கையையும் கடற்கரையில் இருந்த ஜுமேனாவின் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போய் விட்டான். மச்சானின் படகில் கூலிக்குப் போனான். நடுங்கும் கையால் வலையின் முடிச்சைப் போட முடியாமல் மற்றவர்களிடம் ஏச்சு வாங்கினான்.

அங்கேதான் சக்மாவுக்குப் பையன் பிறந்தான். கொஞ்சம் எடை குறைவு, மற்றபடி பார்வைக்கு அழகான பிள்ளை. ஆனால் பாத்திரம் விழுந்தாலும் திடுக்கிடவில்லை. தலை நிற்க வேண்டிய காலத்தில் தோளில் போட்டால், ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சரிந்தது. டாக்டர் லெஸ்தாரி சோதித்துவிட்டு, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, தொடர்ந்து கூட்டி வாருங்கள் என்றார்.

அன்று மாலை சக்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, “அண்ணி, நான் அஞ்சாம் மாசத்துலயே நிறுத்திட்டேனே. இவன் நல்லா இருப்பான்தானே?” என்று கேட்டாள்.

ஜுமேனா முர்னியின் காலை எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தாள். “இருப்பான்டி. இருக்கணும்,” என்றாள்.

வாசலில் நின்ற மஹ்சுன் மெதுவாகச் சொன்னான். “புள்ளைங்களுக்கு ஏதாவது ஆனா, கையில தங்கம் இருந்தா வைத்தியம் பாத்துக்கலாம்னுதான் நெனச்சேன்.”

ஜுமேனா நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

“கை ஒடிஞ்சா கூடும். காய்ச்சல் வந்தா போகும். மூளை அப்படி இல்லைங்க. வயித்துக்குள்ள அது ஒரே ஒரு தடவைதான் வளருது. அந்த நேரத்துல உள்ள போன விஷத்தை அப்புறம் அந்த மலையையே தூக்கிக் குடுத்தாலும் வெளிய எடுக்க முடியாது. வேணாம்னு சொல்ல அதுக்கு வாய் இல்லை. அதுக்காக நாமதான் முன்னாடியே வேணாம்னு சொல்லியிருக்கணும்.”