அன்பான வாடிக்கையாளர்களே

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மயிலாப்பூர் சர்ச்சில், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அத்தனை பேரும் முழங்காலில் நிற்க, ஹெப்சிபா ஆண்டவரைப் பார்த்து "அன்பான வாடிக்கையாளர்களே" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது சொன்னதுதான். அள்ளித் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமா என்ன? அன்றைக்குச் சங்கிலி ஜெபம். ஒருத்தி முடித்தால் பக்கத்தில் இருப்பவள் தொடங்க வேண்டும், வட்டம் சுற்றி வரும். மற்றவர்கள் "தேவரீர், உம்முடைய கிருபையினாலே" என்று தட்டுத் தடங்கல் இல்லாமல் பொழிந்து தள்ளினார்கள். இவளுக்குத் தேவரீர் என்ற சொல்லே நாக்கில் புரளாது. நம்ம முறை எப்போது வரும், எப்போது வரும் என்று பயந்து பயந்தே யாருடைய ஜெபமும் காதில் ஏறவில்லை. முறை வந்தது. "அன்பான" வரைக்கும் சரியாகத்தான் போனது. "பரலோகப் பிதாவே" வர வேண்டிய இடத்தில் பதினெட்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவி ஞானசௌந்தரி அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை. எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டே, "மனசு முழுக்க வேலையை வச்சுக்கிட்டா ஆண்டவருக்கு எங்கம்மா இடம்? விசுவாசம் இருந்தா நாக்கு தடுமாறாது ஹெப்சி" என்றார்.

மனசு முழுக்க வேலைதான். இல்லையென்று யார் சொன்னது? தி.நகரில் ஆறு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவள் ஹெப்சிபா. பட்டு எந்த மாடி, லிஃப்ட் எந்தப் பக்கம், எந்த வண்டி வழியை மறித்து நிற்கிறது, எல்லாம் அவள் குரலில்தான் ஜனங்களுக்குத் தெரியும். இப்போது முதலாளியின் மகன் ராம்குமார் கம்ப்யூட்டர் குரல் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். தீபாவளிக்கு முந்தின இந்தச் சனி, ஞாயிறு கூட்டம் முடியட்டும், "திங்கக்கிழமை உங்களப் பத்திப் பேசுவோம்க்கா" என்று சொல்லியிருந்தான். என்ன பேசுவான்? போய் வாருங்கள் என்பான். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, மகள் நிஷா காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நாற்பத்தைந்து வயதில், குரலைத் தவிர வேறொன்றும் கைவசம் இல்லாதவளை வேறு யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

வடபழனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து, புதுவருஷ ஆராதனையில் கொடுத்த, வேத வசனம் ஒன்று அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஜனவரியிலிருந்து பார்த்துப் பார்த்து அதன் ஓரமெல்லாம் பிசிராகிவிட்டது. மற்றவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார்கள்: கேட்டேன், கிடைத்தது என்று. இவளுக்குக் கேட்கவே வரவில்லையே! அக்கா சொன்னது நிஜம்தானோ, விசுவாசமே இல்லாமல் இத்தனை வருஷம் சும்மா சர்ச்சுக்குப் போய்வந்தோமோ என்று நினைத்ததும் பகீரென்றது. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, பனகல் பார்க் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தாள்.

நாலாவது மாடியில் பிளைவுட் அடைத்த சின்ன அறைதான் அவள் ராஜ்ஜியம். அங்கே பழைய மைக்கைக் காணோம். கடை எலக்ட்ரீஷியன் ஹபீபுர் ரஹ்மான் புதிதாக ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கம்மா, பழைய மைக்ல சிவப்பு எரிஞ்சா ஆஃப். இதுல சிவப்பு எரிஞ்சா ஓடிக்கினு கீதுன்னு அர்த்தம். மறந்துடாத."

"சரி பாய்" என்றாள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மண்டை அப்போதே திங்கட்கிழமைக்குப் போய்விட்டிருந்தது.

நாலு மணிக்குக் கூட்டம் நெரிந்தது. மஹதி என்று ஒரு பெண் மூச்சு வாங்க ஓடிவந்தாள். ராஜா அண்ணாமலைபுரத்துக்காரி. "எங்கம்மாவைக் காணோம். சூடாமணின்னு பேரு, மாம்பழக் கலர் புடவை. புடவை பிரிச்சுப் பாத்துண்டு இருந்தேன், திரும்பினா ஆளில்லை. அவளுக்கு ஞாபகம் சரியா நிக்காது. தன் பேரே சில நேரம் மறந்துடும். தெருவுல இறங்கிட்டாள்னா..." என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஹெப்சிபா அறிவித்தாள். ஐந்து தடவை அறிவித்தாள். சூடாமணி அம்மா அவர்கள் எங்கிருந்தாலும் நாலாவது மாடிக்கு வரவும். யாரும் வரவில்லை. ராம்குமார் வந்து நின்று, "உங்க குரல் எடுபடலக்கா, இதப் போடுவோம்" என்று கம்ப்யூட்டரைத் தட்டினான். அது வழுவழுவென்று மூன்று தடவை கூப்பிட்டது. அதற்கும் யாரும் வரவில்லை. அவன் மஹதியைக் கூட்டிக்கொண்டு கேமரா பார்க்கக் கீழே ஓடினான்.

எடுபடவில்லையாம்! நெஞ்சில் சுருக்கென்றது. விடக்கூடாது என்று மைக் பொத்தானை அமுக்கி ஆறாவது தடவை கூப்பிட்டாள். ஒரே பொத்தான்தான், இன்னொரு தடவை அமுக்கினால் அணையும். பாதி அமுக்கும்போதே சிவப்பு தெரிந்தது. பழைய மைக் ஞாபகத்தில், அணைந்துவிட்டது என்று விரலை எடுத்துவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, எனக்கு ஜெபிக்கத் தெரியாது. காலைல உங்கள என்னன்னு கூப்பிட்டேன்னு நீங்களே கேட்டீங்க. மானம் போச்சு. எனக்கு விசுவாசம் இருக்கா இல்லையான்னுகூடத் தெரியல, எதுக்கும் லாயக்கில்லாதவளா இருக்கேன். வேலை போகப்போகுது. போனாப் போகட்டும்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது, பயமா இருக்கு. ஆனா இப்ப அது வேணாம். அந்தம்மா எங்க நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நான் கூப்பிட்டா வரல, நீங்க கூப்பிடுங்க. அம்மா, எங்க இருக்கீங்கம்மா? வந்துடுங்கம்மா!" வாய்விட்டு அழுதாள்.

அழுது ஓய்ந்தபோதுதான் கவனித்தாள், வெளியே சத்தமே இல்லை. தீபாவளிக் கூட்டம் இப்படி அடங்குமா? கதவைத் தள்ளிக்கொண்டு பாய் உள்ளே வந்தார். மைக் விளக்கைக் காட்டினார். "சிவப்பும்மா! சிவப்பு!"

ஐயோ ஆண்டவரே! ஆறு மாடியும் கேட்டிருக்கிறது. பன்னிரண்டு பெண்களுக்கு முன்னால் வராத ஜெபம், ஊரே கேட்கும்படி வந்து தொலைத்திருக்கிறது. பாய் எட்டிப் பொத்தானை அமுக்கினார். ராம்குமார் வியர்த்து வழிய வந்து வாசலில் நின்றான். திங்கட்கிழமை வரைக்கும்கூட வேண்டாம், இப்போதே சீட்டுக் கிழிந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவனை ஒதுக்கிக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தாள். மாம்பழக் கலர் புடவை. பின்னால் பிளவுஸ் செக்‌ஷன் பெண் ஒருத்தி.

"அழறது யாரு? அவகிட்ட அழைச்சுண்டு போன்னு இந்தப் பொண்ணைப் பிடுங்கி எடுத்து வந்தேன். நீதானே? ஏண்டிம்மா இப்படி அழறே?"

ஹெப்சிபா எழுந்துவிட்டாள். "அம்மா... நீங்க சூடாமணி அம்மாவா?"

"அது யாரு? அந்தப் பேரைச் சொல்லித்தான் ரொம்ப நாழியா யாரோ கத்திண்டே இருந்தா. பாவம், அவ கிடைச்சாளா?" என்றாள் அந்த அம்மா. பிறகு தன் முந்தானையை எடுத்து ஹெப்சிபாவின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நீ வாங்கோன்னு கூப்பிட்டியே. அதான் வந்துட்டேன்."

மஹதி படியேறி ஓடிவருகிற சத்தம் கேட்டது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையில் பாய்கூட மூக்கை உறிஞ்சினார். ராம்குமார் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றான். என்னவோ சொல்ல வந்து, "திங்கக்கிழமை..." என்று இழுத்தான்.

"திங்கக்கிழமை பேசலாம் சார்" என்றாள் ஹெப்சிபா. திங்கட்கிழமையைப் பற்றிய பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது.

அம்மா கிடைத்துவிட்டாள் என்று ஆறு மாடிக்கும் சொல்ல வேண்டுமே. உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். சிவப்பு எரிந்தது. எரிந்தால் என்ன அர்த்தம் என்று இப்போது நன்றாகத் தெரியும்.

"அன்பான..." என்று தொடங்கினாள். அடுத்து எந்தப் பேர் வந்து விழும் என்று அவளுக்கே தெரியவில்லை. எது வந்தாலும் கேட்கிறவர் கேட்பார்.